அகவிலைப்படி இல்லாதவர்கள்

வறுமைக் கோட்டுக்குக் கீழே வாழும் முதியவர் ஒருவருக்கு மத்திய அரசு தரும் ஓய்வூதியப் பங்கு மாதம் 200 ரூபாய். 2007இல் இந்திரா காந்தியின் பெயரைச் சூட்டித் திட்டத்தை விரிவாக்கியபோது 200. இன்றும் அதே 200. 80 வயதைத் தாண்டி உயிரோடு இருந்தால் 500. தமிழ்நாடு தன் கைப்பணத்தைச் சேர்த்து 1,200 ஆக்கித் தருகிறது. அப்படிச் சேர்க்க மனமோ வசதியோ இல்லாத மாநிலங்களில் அந்த 200ஐச் சுற்றித்தான் கணக்கு ஓடுகிறது. இதற்குள் விலைவாசி ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது. மத்திய அரசு ஊழியரின் அகவிலைப்படி ஆண்டுக்கு இரண்டு முறை திருத்தப்படுகிறது. நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளத்தையே 2018இல் விலைவாசியோடு கட்டிப்போட்டார்கள். அதன்படி 2025இல் மாதம் ஒரு லட்சமாக இருந்தது 1.24 லட்சமானது, அதுவும் 2023 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு. அரிசி, பருப்பு விலை ஏறினால் எல்லார் வயிற்றிலும்தான் அடிக்கும். ஆனால் அந்த ஏற்றத்தைத் தானாக ஈடுகட்டும் ஏற்பாடு யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பார்த்தால் ஒரு நாட்டின் சமூகப் பாதுகாப்பைப் பற்றி ஓரளவு உண்மை தெரிந்துவிடும்.

இது ஏழை நாட்டின் கஞ்சத்தனம் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்கலாம். வேலை செய்ய முடியாத ஊனமுற்றோருக்கும், வேறு வருமானமில்லாத முதியோருக்கும் அங்கே மத்திய அரசின் உதவித்தொகை ஒன்று இருக்கிறது. அதைப் பெற வேண்டுமானால் ஒருவரிடம் 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு இருக்கக் கூடாது. இந்த வரம்பு 1989இல் வைத்தது. விலைவாசியோடு உயர்ந்திருந்தால் இன்று 5,000 டாலரைத் தாண்டியிருக்கும். கணக்கு பார்ப்பது மாதத்தின் முதல் நாளில். அன்று வங்கியில் 2,000 டாலருக்கு மேல் கொஞ்சம் கிடந்தாலும் அந்த மாத உதவி போச்சு. பழுதான காரின் கியர்பாக்ஸை மாற்றுவதற்கு ஆறு மாதம் வாயைக் கட்டிச் சேர்த்தவர், சேர்த்த குற்றத்துக்காகவே தண்டம் கட்டுகிறார். இரண்டு பயனாளிகள் கல்யாணம் செய்துகொண்டால் வரம்பு 4,000 ஆகாது, 3,000தான். சேர்ந்து வாழ்வதற்கு ஆயிரம் டாலர் அபராதம். இந்தியாவைப்போல முப்பது மடங்கு தலைவருமானம் உள்ள நாடு இது. வருமானத்தில் இத்தனை தூரம் இருந்தும் இரண்டு நாடுகளிலும் ஒரே நோய், ஒரே அறிகுறி: ஏழைகளுக்கென்று எழுதிய எண் எழுதிய இடத்திலேயே உறைந்து கிடக்கிறது.

இதிலிருந்து கிளம்பும் வாதம் இதுதான். ஒரு நாட்டில் விழுகிறவரைத் தாங்கும் வலை எவ்வளவு உறுதியாக இருக்கும் என்பதை அந்த நாட்டின் செல்வம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த வலையை ஏழை அல்லாத வேறு யார் நம்பியிருக்கிறார்கள் என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. ‘ஏழைக்கு மட்டும்’ என்று கறாராக எழுதிய திட்டம், கேட்க நியாயமாக இருந்தாலும், காலப்போக்கில் ஏழைக்கே உதவாமல் போகிறது.

நாடுகளை ஒப்பிடும்போது நாம் வழக்கமாகக் கையில் எடுப்பது தலைவருமானப் பட்டியல். அதைக்கூட டாலர் மாற்று விகிதத்தில் பார்க்காமல் வாங்கும் சக்தியில் பார்க்க வேண்டும் என்பது இப்போது பரவலாகத் தெரிந்த விஷயம். சென்னையில் முடிவெட்ட ஆகும் காசுக்கு ஸ்டாக்ஹோமில் கடைக் கதவைக்கூடத் திறக்க முடியாது. ஆனால் எந்த விகிதத்தில் பார்த்தாலும் சராசரி சராசரிதான். அது நல்ல நாளின் கணக்கு. வேலை போன நாள், புற்றுநோய் என்று அறிக்கை வந்த நாள், பிள்ளை பிறந்து ஒரு சம்பளம் நின்ற நாள், இவை அந்தக் கணக்கில் தெரியாது. அமெரிக்கா தன் மொத்த உற்பத்தியில் 17 சதவீதத்துக்கும் மேல் மருத்துவத்துக்குச் செலவழிக்கிறது. உலகத்தில் எந்தப் பெரிய நாடும் அவ்வளவு செலவழிப்பதில்லை. அங்கே சராசரி ஆயுள் 2023இல் 78.4 ஆண்டுகள். ஜப்பானில் 84. தலைவருமானம் 4,000 டாலரை ஒட்டி நிற்கும் இலங்கையில் 77க்கு அருகில். டாலர் வருமானத்தில் இருபது மடங்கு வித்தியாசம். ஆயுளில் வித்தியாசம் ஓரிரு ஆண்டு. பணம் எங்கே போகிறது என்று கேட்டால், அமெரிக்க மருத்துவக் காப்பீடு எப்படிப் பிறந்தது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. 1942இல், உலகப் போரின் நடுவே, அரசு சம்பள உயர்வுக்குத் தடை போட்டது. ஆள் பிடிக்க வழியில்லாத கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதில் காப்பீட்டைக் கொடுத்தன; வரிச்சலுகையும் சேர்ந்துகொண்டது. போர் முடிந்தது, ஏற்பாடு முடியவில்லை. நடுத்தர வர்க்கத்துக்கு வேலையோடு காப்பீடு வந்துவிட்டதால், நாடு முழுவதற்கும் பொதுவான ஒன்றைக் கேட்டுத் தெருவில் இறங்கக்கூடிய கூட்டம் வீட்டிலேயே இருந்துவிட்டது. 1965இல் முதியோருக்கு ஒன்று, ஏழைகளுக்கு ஒன்று என்று இரண்டு தனித் திட்டங்கள் வந்தன. ஏழைகளுக்கானதை 2010ஆம் ஆண்டுச் சட்டம் விரிவாக்கியது. அதை ஏற்பதும் விடுவதும் மாநிலங்களின் விருப்பம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டெக்ஸாஸ், புளோரிடா உட்படப் பத்து மாநிலங்கள் இன்னும் ஏற்கவில்லை. முதியோருக்கான திட்டத்தில் கைவைக்க எந்த மாநிலத்துக்கும் அப்படியொரு வாய்ப்பு தரப்படவில்லை. முதியோர் வரிசையில் எல்லோருடைய அப்பா அம்மாவும் நிற்கிறார்கள்.

இதை ஒரு கோட்பாடாகவே எழுதியவர்கள் சுவீடனைச் சேர்ந்த வால்டர் கோர்ப்பி, யோக்கிம் பால்மே என்ற இரண்டு சமூகவியலாளர்கள். பணக்கார நாடுகளின் புள்ளிவிவரங்களை வைத்து 1998இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, உதவியை ஏழைகளை நோக்கியே குறிபார்த்துச் செலுத்தும் நாடுகள் வறுமையைக் குறைப்பதில் பின்தங்குகின்றன, எல்லோரையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும் நாடுகள் முந்துகின்றன என்றது. ஏழைக்குப் போகும் பங்கு எந்த நாட்டில் அதிகமோ அங்கே பங்குபோடும் பானை சிறிதாக இருக்கிறது. பானையில் சோறு வேண்டும் என்று கேட்க நடுத்தர வர்க்கத்துக்குக் காரணமில்லை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர் இன்னும் பல நாடுகளைச் சேர்த்துப் பார்த்து, இந்தத் தொடர்பு அவ்வளவு கெட்டியாக இல்லை என்றார்கள். அது நியாயமான திருத்தம். சுவீடனுக்குள்ளேயே அதற்குச் சான்று உண்டு. 1948 முதல் அங்கே பணக்காரர், ஏழை என்று பாராமல் ஒவ்வொரு குழந்தைக்கும் மாதத் தொகை கொடுக்கிறார்கள். அது 2018 முதல் 1,250 குரோனாவிலேயே நிற்கிறது. ‘எல்லோருக்கும்’ என்று எழுதினால் மட்டும் அகவிலைப்படி வந்துவிடாது. அதே நாட்டின் பெற்றோர் விடுப்பை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு குழந்தைக்கு 480 நாள். அதில் 390 நாளுக்குச் சம்பளத்தில் ஏறக்குறைய 80 சதவீதம். சம்பளம் ஏறினால் இதுவும் ஏறும், உச்சவரம்பும் விலைவாசியோடு நகரும். சொல்லாமலே அகவிலைப்படி உள்ளே இருக்கிறது. நர்ஸும் எடுக்கிறார், வங்கி மேலாளரும் எடுக்கிறார், தலா 90 நாள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனியாக என்பதால் அப்பாக்களும் எடுக்கிறார்கள். இதில் வெட்டு விழுந்தால் தேர்தலில் கேள்வி வரும். தட்டையான சின்னத் தொகையை விட, நடுத்தரக் குடும்பம் உண்மையிலேயே நம்பியிருக்கும் ஏற்பாடுதான் தாங்குகிறது என்று கோட்பாட்டைத் திருத்தி வாசித்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் சும்மா வருவதில்லை. டென்மார்க்கில் ஒரு முதலாளி ஆளை எளிதாக வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நம் தொழிற்சங்கத் தலைவர்கள் கேட்டால் அதிர்ந்து போவார்கள். வேலை போனவர் காப்பீட்டு நிதியில் உறுப்பினராக இருந்தால் பழைய சம்பளத்தில் 90 சதவீதம் வரை, ஒரு உச்சவரம்புக்கு உட்பட்டு, இரண்டு ஆண்டு வரை பெறுவார். அதற்கு விலையாக மொத்த உற்பத்தியில் 40 சதவீதத்துக்கும் மேல் வரியாகப் போகிறது. பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுக்கும் ராபின்ஹூட் கதை அல்ல இது. ரொட்டி, பால் உட்பட ஏறக்குறைய எல்லாப் பொருளின் மீதும் 25 சதவீத விற்பனை வரி. அதைக் கூலித் தொழிலாளியும் கட்டுகிறார். எல்லோரும் கட்டுகிறார்கள், எல்லோரும் எடுக்கிறார்கள்.

பிரிட்டன் இந்த விவகாரத்தின் சோதனைச்சாலை என்றே சொல்லலாம். ஒரே நாடு, ஒரே கருவூலம், ஒரே பத்தாண்டு. அங்கே அரசு ஓய்வூதியம் கிட்டத்தட்ட எல்லா முதியோருக்கும் உரியது. விலைவாசி, சம்பள உயர்வு, 2.5 சதவீதம், இந்த மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு அது ஆண்டுதோறும் ஏற வேண்டும் என்று 2010இல் முடிவெடுத்தார்கள்; அதற்கு ‘மூன்று பூட்டு’ என்று பெயர். உழைக்கும் வயதில் இருக்கும் ஏழைகளுக்கான உதவிகளை 2016இலிருந்து நான்கு ஆண்டு அப்படியே உறைய வைத்தார்கள். இரண்டையும் செய்தது ஒரே கட்சி தலைமையேற்ற அரசுகள். பிறகு தொழிற்கட்சி வந்தது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க முதியோர் குடும்பங்களுக்கு 1997 முதல் ஒரு தொகை கொடுத்துவந்தார்கள்; பின்னால் அது 200, 300 பவுண்டானது. கோடீஸ்வரருக்கு எதற்கு என்று கேட்டு, வருமானம் குறைந்த முதியோருக்கான தனி உதவித்தொகை வாங்குபவர்களுக்கு மட்டும் என 2024இல் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் சுருக்கினார். ஒரு கோடிக்கும் மேல் இருந்த பயனாளிகள் ஏறக்குறைய 15 லட்சமாக வற்றினார்கள். அந்தத் தனி உதவித்தொகைக்குத் தகுதி இருந்தும் மூன்றில் ஒருவர் அதற்கு விண்ணப்பித்ததே இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. நீளமான படிவம், கூச்சம், தெரியாமை. அதாவது கோடீஸ்வரரைத் தள்ளப் போட்ட வேலியில் பரம ஏழையும் சேர்ந்து வெளியே விழுந்தார். ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. வரிசையிலிருந்து தள்ளப்பட்டவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கணக்கர்களும் இருந்தார்கள். கூச்சல் எழுந்தது, உள்ளாட்சித் தேர்தலில் அடி விழுந்தது, 2025 ஜூனில் அரசு பின்வாங்கி, ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ள எல்லா முதியோருக்கும் திருப்பிக் கொடுத்தது. நான்காண்டு உறைவைச் சுமந்த ஏழைக் குடும்பங்களுக்காக இப்படி எந்த அரசும் ஒரே ஆண்டில் பின்வாங்கியதில்லை.

அமெரிக்காவிலும் இதே இரட்டை முகம்தான். 1935இல் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த முதியோர் ஓய்வூதியம் 1975 முதல் தானாக விலைவாசியோடு ஏறுகிறது. பணவீக்கம் எகிறிய சமயத்தில், 2023க்கு, ஒரே தாவலில் 8.7 சதவீதம். ஜார்ஜ் புஷ் 2005இல் அதில் ஒரு பகுதியைத் தனியார் கணக்காக்கப் பார்த்து, சொந்தக் கட்சிக்காரர்களே கைவிட்டதால் அடங்கிப் போனார். குழந்தைகளோடு தவிக்கும் ஏழைக் குடும்பங்களுக்கான ரொக்க உதவியின் கதை வேறு. 1996இல் கிளிண்டன் அதைச் சீர்திருத்தி, மாநிலங்களுக்கு ஆண்டுக்கு மொத்தம் 1,650 கோடி டாலர் என்று முடிந்து கொடுத்தார். முப்பது ஆண்டாகத் தொகை அதேதான். அப்போது 100 ஏழைக் குடும்பங்களில் 68 குடும்பங்களை எட்டிய உதவி, 2020இல் 21 குடும்பங்களைத்தான் எட்டியது. யாரும் ஊர்வலம் போகவில்லை.

என் வாதத்துக்கு எதிராக இங்கேயே ஒரு சான்று இருக்கிறது, அதை மறைப்பது சரியல்ல. 2021இல், கொரோனா நிவாரணத்தின் ஒரு பகுதியாக, பைடன் அரசு குழந்தைகளுக்கான வரிச்சலுகையை மாதாமாதம் கையில் கிடைக்கும் ரொக்கமாக மாற்றி, வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத குடும்பங்களுக்கும் சேர்த்துக் கொடுத்தது. நாட்டின் பெரும்பாலான குழந்தைகள் அதில் வந்தார்கள். முந்தைய ஆண்டு 9.7 சதவீதமாக இருந்த குழந்தை வறுமை 5.2 ஆக வீழ்ந்தது. டிசம்பரோடு திட்டம் முடிந்தது. செனட்டில் நீட்டிப்பு நிறைவேறவில்லை. 2022இல் வறுமை 12.4க்குத் தாவியது. கிட்டத்தட்ட எல்லோரும் வாங்கிய பணம், ஆனாலும் யாரும் காப்பாற்றவில்லையே என்று கேட்கலாம். மாதத் தவணை வந்தது ஜூலை முதல் டிசம்பர் வரை, ஆறே ஆறு மாதம். பெருந்தொற்றுக் காலத்தில் வந்த பல காசோலைகளில் இதுவும் ஒன்று என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். பெட்ரோல் விலை போல, ரேஷன் அரிசி போல, குடும்பக் கணக்கில் ஊறிப்போவதற்கு அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. உரிமை என்ற எண்ணம் பழக்கத்தில்தான் முளைக்கும் போலிருக்கிறது.

பழக்கமான உரிமையை எப்படிக் கலைப்பது என்பதற்கு இலங்கையைவிடத் தெளிவான பாடம் எங்கும் இல்லை. 1942இல், போர்க்காலத்தில், அங்கே கூப்பன் அரிசி தொடங்கியது, எல்லோருக்கும். 1953 ஜூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜெயவர்தன பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார். ஆகஸ்ட் 12 அன்று தீவே ஸ்தம்பித்தது. ஹர்த்தாலின் சூட்டில் அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறிக் கூடியது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அதே ஜெயவர்தன 1977இல் அறுதிப் பெரும்பான்மையோடு ஆட்சிக்கு வந்தார். இந்த முறை விலையில் கைவைக்கவில்லை, வரிசையில் கைவைத்தார். 1978இல் மாத வருமானம் 300 ரூபாய்க்கு மேல் உள்ள குடும்பங்களைப் பங்கீட்டிலிருந்து நீக்கினார். ஏறக்குறைய பாதி நாடு வெளியே போனது. வசதியுள்ளவனுக்கு எதற்கு என்ற பேச்சில் தப்பு காண யாராலும் முடியவில்லை. மறு ஆண்டு, மிஞ்சிய பாதிக்கு அரிசிக்குப் பதில் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிட்டிருந்தது கிலோ அல்ல, ரூபாய். சில ஆண்டு பணவீக்கத்தில் அதன் மதிப்பு பாதிக்கும் கீழே கரைந்தது. 1953இல் ஒரே அடியில் விலையை ஏற்றியபோது அரசாங்கமே ஆடியது. 1979க்குப் பிறகு அதே அடி சொட்டுச்சொட்டாக விழுந்தபோது முத்திரைக்காக அப்படியொரு ஹர்த்தால் எழவில்லை, ஏனென்றால் அடைக்கக்கூடிய கடைக்காரரும், நிறுத்தக்கூடிய ரயில்வே ஊழியரும், எழுதக்கூடிய எழுதுவினைஞரும் முந்தைய ஆண்டே வரிசையிலிருந்து இறங்கிவிட்டார்கள். ஜெயவர்தன இதைத் திட்டமிட்டே இரண்டு படியாகச் செய்தாரா என்பதை அவர் மனசாட்சிக்கு விட்டுவிடலாம். வேலை செய்த விதம் அப்படித்தான்.

பிறகு வந்தவை எல்லாம் பட்டியல்களின் வரலாறு. அதிபர் பிரேமதாசவின் ஜனசவிய, அதிபர் சந்திரிகா காலத்துச் சமுர்த்தி என்று ஏழைகளுக்கான உதவித் திட்டங்கள். சமுர்த்தி நாட்டின் மிக ஏழையான ஐந்தில் ஒரு பங்கினரில் ஏறக்குறைய 40 சதவீதத்தைத் தவறவிட்டது என்று உலக வங்கியின் ஆய்வொன்று கண்டது. கட்சிக்காரர் சிபாரிசில்லாமல் பெயர் ஏறாது என்பதைக் கண்டுபிடிக்க ஊர்க்காரர்களுக்கு உலக வங்கி தேவைப்படவில்லை. 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்து, செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியபோது, விழுந்தவர்களில் பெரும்பாலோர் முந்தின நாள்வரை எந்தப் பட்டியலிலும் இருக்கத் தேவையில்லாதவர்கள். ஆட்டோ ஓட்டியவர், சின்னப் பேக்கரி வைத்திருந்தவர், கட்டட மேசன். 2023இல் சர்வதேச நாணய நிதியத்தின் நெருக்குதலோடு வந்த அஸ்வெசும திட்டம், ஏழைகளை நான்கு ரகமாகப் பிரித்தது: மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய். பட்டியல் வெளியானதும் பிரதேச செயலகங்களின் முன் கூட்டம், லட்சக்கணக்கில் மேன்முறையீடு. வீட்டுக்குச் சிமெண்டுத் தரையா, மின் கட்டணம் எவ்வளவு, மோட்டார் சைக்கிள் உண்டா என்று பார்த்து எடுத்த கணக்கு அது. மோட்டார் சைக்கிள் வாங்கியது நல்ல காலத்தில், பெட்ரோல் இல்லாமல் திண்ணையில் சாய்த்து வைத்திருப்பது இப்போது என்பது படிவத்துக்குத் தெரியாது. இத்தனையிலும் இலங்கையின் இரண்டு ஏற்பாடுகள் உயிரோடு இருந்தன. 1940களில் கல்வியமைச்சர் கன்னங்கரா நிலைநாட்டிய இலவசக் கல்வி ஒன்று, அரசு மருத்துவமனை மற்றது. 2022இல் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது, ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. ஆனாலும் வாசலில் யாரும் வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. அந்த வரிசையில் அதிபரின் உறவினரும் தேயிலைத் தோட்டத் தொழிலாளியும் இன்னும் நிற்கிறார்கள்.

1997இல் இந்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று இரண்டாகப் பிளந்தபோது தமிழ்நாடு உடன்படவில்லை. அதன் பலன் புள்ளிவிவரத்தில் இருக்கிறது. நாட்டில் உண்மையான ஏழைகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஏழைக்கான அட்டை இல்லை என்று 2004-05 கணக்கெடுப்பு காட்டியது. 2011-12இல் அகில இந்திய அளவில் ரேஷன் தானியத்தில் 40 சதவீதம் அளவுக்குக் வீடுகளுக்கு வந்து சேராமலே காணாமல் போனது. தமிழ்நாட்டில் 12 சதவீதம் அளவுக்கு. நம் அதிகாரிகள் பிறவியிலேயே யோக்கியர்கள் என்பதல்ல காரணம். எல்லை தாண்டும் லாரிகளில் ரேஷன் அரிசி பிடிபடுவது இன்றும் வாராவாரம் வரும் செய்திதான். கடையில் இந்த மாதம் துவரம்பருப்பு வரவில்லை என்றால் அது தெருவில் பாதி வீட்டின் பிரச்சினை. பள்ளிக்கூட வாத்தியார் வீட்டிலும், மின்வாரிய ஊழியர் வீட்டிலும், பிரஸ் ரிப்போர்ட்டர் வீட்டிலும் அட்டை இருக்கிறது. எடைத் தராசில் முள் சரியாக நிற்கவில்லை என்று சத்தம் போடத் தெரிந்த ஒருவர் வரிசையில் இருந்தால் அவருக்குப் பின்னால் நிற்கும் கூலிக்காரப் பெண்ணுக்கும் எடை சரியாக விழும். வசதியானவர்கள் பலர் அரிசியை வாங்குவதே இல்லை, சர்க்கரையோடு போய்விடுகிறார்கள். யாரும் சொல்லித் தள்ளாமல் தாங்களாகவே.

இதே மாநிலம் 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியபோது வேறு பாதையில் போனது. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், ஆண்டுக்கு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள். 1.63 கோடிப் பெண்கள் விண்ணப்பித்தார்கள். முதலில் தேர்வானவர்கள் 1.06 கோடி. பெயரில் உரிமை, படிவத்தில் தகுதி. அதே அரசு 2021இல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கொண்டுவந்தபோது ஒரு படிவமும் இல்லை; ஏறினால் டிக்கெட் கையில். காரில் போகிறவர் காரிலேயே போகிறார். ஆயிரம் ரூபாய் பணத்தையும் பேருந்து டிக்கெட்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது, செலவு வேறு என்பது உண்மை. ஆனாலும் இருபது ஆண்டு கழித்து இரண்டில் எது தேய்ந்திருக்கும் என்று பந்தயம் கட்டச் சொன்னால், நான் உரிமைத் தொகையின் மேல்தான் கட்டுவேன்.

பிரேசிலை என்ன செய்வது என்று இந்த இடத்தில் கேள்வி வரும். அதிபர் லூலா 2003இல் தொடங்கிய போல்சா ஃபமிலியா ஏழைகளுக்கு மட்டும்தான். உலகமே அதைக் கொண்டாடியது, நியாயமாகவே. மொத்த உற்பத்தியில் அரை சதவீதம் அளவே செலவழித்து, மக்கள் தொகையில் நான்கில் ஒரு பங்கை எட்டியது. பணம் பெரும்பாலும் தாய்மார்களின் அட்டையில் விழுந்தது. குறிபார்த்துக் கொடுத்தாலும் வெல்லலாம் என்பதற்கு அது சான்று. ஆனால் நான்கில் ஒரு பங்கு என்றால் அது ஒரு மூலையில் கிடக்கும் சிறுபான்மை அல்ல, தேர்தலைத் தூக்கி நிறுத்தும் கூட்டம். அப்படியிருந்தும் 2020இன் தொடக்கத்தில் தகுதியிருந்தும் காத்திருந்த குடும்பங்கள் பத்து லட்சத்தைத் தாண்டின. அப்போதைய அதிபர் போல்சனாரோ திட்டத்தின் பெயரையே மாற்றினார், தேர்தல் நெருங்கியதும் தொகையை உயர்த்தினார், வென்று வந்த லூலா பழைய பெயரைத் திருப்பிச் சூட்டினார். 1988 அரசியலமைப்பு எல்லோருக்கும் என்று எழுதிய பொது மருத்துவ அமைப்பு அங்கே உண்டு. அதன் பெயரை மாற்ற எந்த அதிபருக்கும் துணிவு வரவில்லை.

எல்லோருக்கும் கொடுத்தால் கஜானா தாங்குமா என்பது கனமான கேள்வி. டென்மார்க் 40 சதவீதத்துக்கு மேல் வரி வாங்குகிறது, மத்திய, மாநில அரசுகள் சேர்ந்தும் இந்தியா 18ஐ ஒட்டித்தான் வாங்குகிறது. அவர்கள் விருந்தை நம் சமையலறையில் சமைக்க முடியாது. ஆனால் கொடுக்க முடியாதது எது, கொடுக்க மனமில்லாதது எது என்று பிரித்துப் பார்க்கலாம். அந்த 200 ரூபாயை 600 ஆக்க, இப்போதுள்ள ஏறக்குறைய 2.2 கோடிப் பயனாளிகளுக்கு ஆண்டுக்குக் கூடுதலாக 10,500 கோடி ரூபாய் சொச்சம் ஆகும். 2019இல் கம்பெனிகளின் வரியைக் குறைத்தபோது ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி இழப்பு என்று அரசே சொன்னது. இரண்டும் ஒரே கஜானாதான். சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்ற பேச்சுக்கு ஃபின்லாந்து ஒரு சோதனையே நடத்திப் பார்த்தது. 2017, 2018இல் வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ, வேலை கிடைத்தாலும் நிறுத்துவதில்லை என்ற உறுதியோடு. அவர்கள் மற்றவர்களைவிடச் சில நாட்கள் கூடுதலாகவே வேலை செய்தார்கள். பெரிய வித்தியாசமில்லை, கையில் காசு வந்தால் கட்டிலில் படுத்துவிடுவார்கள் என்பது மட்டும் நடக்கவில்லை. எல்லோருக்கும் பொதுவான அமைப்பு என்றால் தரம் தானாக வந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. பிரிட்டனின் பொது மருத்துவத்தில் சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் 2025இல் 70 லட்சத்தைத் தாண்டிக் கிடந்தது. ஆனால் அந்தப் பட்டியல் ஒவ்வொரு தேர்தலிலும் மேடைக்கு வருகிறது. உறைந்துபோன 200 ரூபாய் மேடை ஏறுவது அபூர்வம்.

இந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. ‘எல்லோரும்’ என்ற சொல்லுக்கு ஒரு வேலி உண்டு என்பதே அது. சிங்கப்பூர் 1955 முதல் தொழிலாளியின் சம்பளத்திலும் முதலாளியின் கையிலும் பிடித்து வைப்பு நிதி சேர்க்கிறது. அதிலிருந்து வீடு, மருத்துவம், முதுமை எல்லாம். குடியிருப்போரில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் அரசு கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள். அந்த வீடுகளுக்குக் கம்பி கட்டி, கான்கிரீட் போட்ட கைகளில் தமிழ்நாட்டுக் கைகள் ஏராளம். ஒர்க் பெர்மிட்டில் போனவருக்கு அந்த வைப்பு நிதி கிடையாது. 2020இல் கொரோனா வந்தபோது பொதுக் கணக்கு ஒன்றாகவும் தொழிலாளர் விடுதிகளின் கணக்கு வேறொன்றாகவும் அன்றாடம் வெளியானது; ஆண்டு முடிவதற்குள் விடுதிகளில் இருந்த 3 லட்சத்துச் சொச்சம் பேரில் ஏறக்குறைய பாதிக்குத் தொற்று. இங்கே திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கும் பிகார் இளைஞர், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் சொந்த ஊர் அட்டையை வைத்துத் தனக்குரிய மத்திய அரசுத் தானியத்தை வாங்கிக்கொள்ளலாம். எல்லோருக்கும் என்று நாம் பெருமையோடு சொல்லும் மாநிலத்தின் துவரம்பருப்பும் பாமாயிலும் அவருக்கு இல்லை. எடைக்காகச் சத்தம் போடும் வாத்தியாருக்கும் அவருக்கும் நடுவே வரிசையில் இரண்டு பேர்தான் நிற்கிறார்கள். வாத்தியார் வாங்கும் அரிசியும் இவர் வாங்கும் அரிசியும் வேறு வேறு கணக்கில் ஏறுகின்றன.